மிதவைக்குக் கீழே

கையை எடுக்கக் கூடாது. என்ன நடந்தாலும் எடுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரம் மொத்தமும் இந்த அக்காவின் வலது தொடைமேல். கைக்கு அடியில் வெயிலுக்காக நான் தலையில் சுற்றியிருந்த துப்பட்டா, அதற்கு அடியில் குணபாலன் சாரின் துண்டு, துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டேன், இனிப் பார்க்க மாட்டேன். விரலிடுக்கு வழியாகச் சூடாகக் கசிகிறது. இரத்தம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரம் முதலுதவி வகுப்பு வைத்தார்கள், ஆறு பயிற்சி மாணவர்கள், நடுவில் ஒரு ரப்பர் பொம்மை, அதன் தொடை ஜில்லென்று இருந்தது, ஒருத்தன் பொம்மைக்குக் கிச்சுகிச்சு மூட்டினான், எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். இந்தத் தொடை துடிக்கிறது. துடிக்கிறது, நிற்கிறது, மறுபடி துடிக்கிறது, நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நிற்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை நான் குனியும்போது இரத்தத்தைத் தொட்டுத் தொட்டு எழும்புகிறது. சுகிர்தா, மாணவப் பயிற்சியாளர், இயற்கை வளப் பாதுகாப்பு. போட்டோவில் பல் தெரியச் சிரித்திருக்கிறேன். கழற்றி எறியலாம் என்றால் அதற்கு ஒரு கை வேண்டும். "லாசர், இன்னும் எவ்வளவு நேரம்யா?" என்று குணபாலன் சார் கத்துகிறார். சார் வனவர், இந்த ரோந்துப் படகு அவர் பொறுப்பில் இருக்கிறது. படகை ஓட்டும் லாசர் அண்ணன் திரும்பாமல் சொல்கிறார், "முக்கா மணி நேரம் ஆகும் சார். எஞ்சின் விசிறி வளைஞ்சிருச்சு. வேகம் குடுத்தா கழண்டுரும்." எதில் பட்டு வளைந்தது என்று அவர் சொல்லவில்லை, சாரும் கேட்கவில்லை. தொடை எலும்பில் பட்டால் தண்ணீரைத் தள்ளும் இரும்பு விசிறி வளையுமா. வளையும் போலிருக்கிறது.

நான் கத்தினேனா. அதுதான் தெரியவில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்துக்குப் போகிறேன், அங்கே எஞ்சின் சத்தம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, என் வாய் திறந்திருக்கிறது, ஆனால் வாயிலிருந்து சத்தம் வந்ததா என்பது மட்டும் இல்லை. காலை எட்டு மணிக்கு நாங்கள் மூன்று பேரும்தான் துறையிலிருந்து புறப்பட்டோம். கொம்புத்தீவுக்கு மேற்கே ஓர் ஆள் ஆழத்தில் கடற்புல் படுகை இருக்கிறது, அங்கே முங்கி, குழாயில் செய்த சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, சட்டத்துக்குள் எத்தனை தண்டு, எவ்வளவு உயரம் என்று எண்ணி எழுதுவது என் வேலை. முதுகலை படித்துக்கொண்டே ஆறு மாதம் அரசாங்கச் சம்பளத்தில் புல் எண்ணுகிறாள் என்று ஹாஸ்டலில் பொறாமைப்பட்டார்கள். தீவைச் சுற்றிப் பாசி எடுக்கத் தடை. ஆனாலும் கரையூர்ப் பெண்கள் வருகிறார்கள். விரலில் துணி சுற்றி, செருப்புக்கு அடியில் தகரத்தட்டு கட்டி, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாறையில் ஒட்டிய பாசியைப் பிடுங்குகிறார்கள். பிடுங்கியதைத் திணிக்கும் வலைப்பையில் ஒரு தெர்மாகோல் கட்டையைக் கயிற்றில் கட்டி மிதக்க விட்டிருப்பார்கள். மேலே கட்டை மிதந்தால் கீழே ஆள் இருக்கிறாள். இது எனக்குத் தெரியும். இரண்டு மாதமாகத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் இதே படகின் முன்னால் ஒரு ஆமை தலை தூக்கியபோது "ஆமை, சார், ஆமை, நிறுத்துங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன், லாசர் அண்ணன் சட்டென்று எஞ்சினை அணைத்தார், சார் என் முதுகில் தட்டி, கண்ணுன்னா இதுதான் கண்ணு என்றார். ஆமைக்குக் கத்தியவள் நான். அப்போது வாய் தானாகத் திறந்தது, யோசிக்கவே இல்லை. இன்றைக்கு யோசித்தேன். அதுதான். யோசித்த நேரத்தில்தான் படகு போய்விட்டது.

என்ன யோசித்தேன். சொல், சுகிர்தா, இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. போன மாதம் என் சட்டங்களுக்கு அடையாளமாக நட்டிருந்த முளைக்கம்பிகளை யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள், நாலு வார எண்ணிக்கை வீண், புல்லெல்லாம் தகரத்தட்டு மிதித்து நசுங்கிக் கிடந்தது. அன்றைக்குத் தண்ணீருக்குள்ளேயே முகமூடிக்குள் அழுதேன். இவளுக கையை முறிக்கணும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன், எல்லாரும் ஆமாம் என்றார்கள். இன்றைக்கு முங்கி எழுந்து படகில் ஏறித் தலை துவட்டும்போது தெற்கே வள்ளம் தெரிந்தது. முதலில் பார்த்தது யார். நான். "அங்க, சார்" என்று விரல் நீட்டியது யார். இந்த விரல்தான், இப்போது மேலே இருக்கும் கையின் ஆள்காட்டி விரல், நகக்கண்ணில் கறுப்பாக ஏறிக்கிடக்கிறது. படகு பாய்ந்தது. முகத்தில் காற்று அடித்தது. சந்தோஷமாக இருந்தது. மறைக்க முடியாது, சந்தோஷமாக இருந்தது, மாட்டுனீங்களா என்று உள்ளே ஒருத்தி குதித்தாள். வள்ளத்தில் ஏழெட்டுப் பெண்கள், தண்ணீரில் கிடந்தவர்களை முடியைப் பிடித்தும் சட்டையைப் பிடித்தும் இழுத்து ஏற்றினார்கள். வள்ளத்துக்கும் எங்களுக்கும் நடுவில், இடப்பக்கம், வெள்ளையாக ஒரு கட்டை மேலும் கீழும் ஆடியது. பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் பார்த்தேன். கீழே ஆள் இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள், பயப்படட்டும் என்று இன்னொருத்தி சொன்னாள், இரண்டு பேரும் நான்தான். அப்புறம் அந்தச் சத்தம். ஈரத்துணி மிக்சியில் சிக்கின மாதிரி. படகு ஒரு தூக்குத் தூக்கி இறங்கியது, பின்னால் தண்ணீர் பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி விரிந்தது, அதன் நடுவில் ஒரு சட்டைக் கை நீந்துவதுபோல அசைந்தது.

"முனகுறா பாரு. பேசிக்கிட்டே இரும்மா, தூங்க விடாத" என்கிறார் லாசர் அண்ணன். அவர் புருவத்தில் வெட்டு, வள்ளத்துப் பெண்கள் எறிந்த கல் பட்டது, வழிந்ததைத் துடைக்காமலே ஓட்டுகிறார். நான் குனிந்து, "அக்கா, அக்கா, பேரு என்னக்கா" என்று கேட்கிறேன். உதடு வெளுத்திருக்கிறது, உப்புப் பூத்திருக்கிறது. "நம்புலட்சுமி" என்கிறாள், பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதுபோல. "காலு இருக்கா?" "இருக்குக்கா." "பொய் சொல்லாத." "சத்தியமா இருக்கு, நான் பிடிச்சிருக்கேன்." காயத்துக்கு மேலே, இடுப்பை ஒட்டி, புல் அளக்கும் என் கயிற்றைச் சுற்றி, உடைந்த சட்டத்தின் குழாய்த்துண்டைச் செருகி முறுக்கிக் கட்டியிருக்கிறேன். முறுக்கும்போது அவள் அலறிய அலறல் இன்னும் படகிலேயே இருக்கிறது, எங்கேயும் போகவில்லை. "எந்த ஊரு நீ?" என்று கேட்கிறாள். "சாத்தூர்க்கா." "காராச்சேவு ஊரா" என்று சொல்லிக் கண்ணை மூடுகிறாள். மூடாதே, மூடாதே. "அக்கா, கண்ணத் திறங்க. கூட யாருக்கா வந்தது?" "தங்கச்சி. ராக்கு." நாங்கள் இவளைத் தூக்கிப் படகில் போட்டபோது வள்ளத்திலிருந்து குதித்து நீந்தி வந்து படகின் விளிம்பைப் பிடித்தாளே, அவள். "எங்கக்கா, எங்கக்கா, என்னைய ஏத்துங்க" என்று கத்தினாளே. "ஏத்துனா நம்மளைக் கொன்னுருவாளுக" என்று சார் லத்தியை எடுத்தார். "விடுடி." ஒரு அடி. விடவில்லை. இன்னொரு அடி. மூன்றாவது அடியில் விரல் உடையும் சத்தம் எனக்குக் கேட்டது, லத்தியின் சத்தம் வேறு, அது வேறு. விளிம்பில் அவள் விரல் இருந்த இடம் இப்போது சும்மா இருக்கிறது, வெயில் படுகிறது. வள்ளம் அவளை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிக் கரைக்குப் போய்விட்டது, எங்கள் விசிறி வளைந்திருக்கிறது, அவர்களுடையது நன்றாக இருக்கிறது.

சார் வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருகிறார். ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது, துறையில் நிற்கும் என்கிறார். அவர் தலையில் பழைய தையல் தழும்பு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கரையில் கட்டையால் அடித்துத் தண்ணீரில் தள்ளினார்களாம், லாசர் அண்ணன்தான் இழுத்துப் போட்டாராம். கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம் வந்தபோது வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்து கொடுத்தவர். "இங்க பாரு சுகிர்தா" என்கிறார். "நடந்தது என்னன்னா, நம்மளப் பாத்ததும் அவளுக பயந்து எஞ்சினை முடுக்கிட்டாளுக. இவ வள்ளத்துலருந்து விழுந்துட்டா. அவுக விசிறியிலயே மாட்டிக்கிட்டா. நாம காப்பாத்திக் கொண்டாந்தோம். புரியுதா?" தொடை நின்றது. துடித்தது. "நாம காப்பாத்திக் கொண்டுதான வர்றோம்? அது பொய்யா?" "இல்ல சார்." "அப்ப இதைச் சொல்லு. எனக்கு ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. பொண்ணு பன்னெண்டாவது. உனக்கு நாலு மாசம் பாக்கி, சர்டிபிகேட்ல நான்தான் கையெழுத்துப் போடணும், நிரந்தர வேலைக்கு நீ எழுதும்போது அந்த ஒரு தாள்தான் பேசும். லாசர் நம்ம ஆளு. நீ?" என் கைக்குக் கீழே நம்புலட்சுமி கிடக்கிறாள், அவளுக்குக் காது இருக்கிறது, அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி இப்படிப் பேசுகிறார். விழுந்துட்டா. அவுக விசிறியிலயே. நன்றாகத்தான் இருக்கிறது. இதில் என் விரல் இல்லை, கட்டை இல்லை, மூன்று எண்ணிய நேரம் இல்லை. இது அவருடைய பொய் என்று ஏன் நினைக்கிறேன், இது எனக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை, கையை விட்டால் உள்ளே போய்விடும்.

அம்மாவும் இப்படி ஒரு சட்டை போட்டிருந்தாள். எனக்கு எட்டு வயசு. எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற அறை வெடித்து, பக்கத்துத் தெரு செவந்தி அத்தையை வாழை இலையில் சுற்றி மினிவேனில் கொண்டுவந்தார்கள், இலைக்கு வெளியே ஒரு குதிகால் மட்டும் தெரிந்தது, அதில் மருதாணி. அம்மா அதே அறையில் வேலை பார்த்தவள், தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் தப்பித்தவள். போலீஸ் வந்து கேட்டபோது, "அவதான் சார் கை தவறிக் கீழ போட்டுட்டா" என்றாள். போர்மேன் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். மருந்து ஈரம் காயாமலே அடைக்கச் சொன்னது அந்த ஆள்தான் என்று அம்மா என்னிடம் ஒருதரம், ஒரே ஒருதரம், பல் விளக்கிக்கொண்டே சொன்னாள். பேஸ்ட் நுரையோடு சொன்னதால் பாதி புரியவில்லை. அதன்பிறகு அவள் செவந்தி அத்தை தெரு வழியாகப் போனதே இல்லை, ரேஷன் கடைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போவாள், பையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க. சின்ன வயசில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேலை நிலைத்தது, அந்த வேலையில்தான் நான் படித்தேன், படித்து இங்கே வந்து புல் எண்ணுகிறேன். நான் எந்தத் தெருவைச் சுற்றிப் போவேன். கடலைச் சுற்றிப் போக முடியுமா. "கை வலிச்சா சொல்லும்மா, நான் பிடிக்கிறேன்" என்கிறார் சார், உண்மையான அக்கறையோடு. "வேண்டாம்" என்கிறேன். சத்தமாக வந்துவிட்டது. இதற்கு வாய் திறக்கிறது பார். தோள்பட்டை எரிகிறது, முழங்கால் மரத்துவிட்டது, படகின் அடியில் தேங்கிய தண்ணீர் சிவப்பாக முன்னும் பின்னும் ஓடுகிறது, அதில் பாசித்தண்டு ஒன்று மிதந்து என் முழங்காலில் ஒட்டுகிறது, போகிறது, ஒட்டுகிறது. துடிப்பு மெலிந்துவிட்டது. மெலிந்ததா, என் கைதான் மரத்துவிட்டதா. "அக்கா." இன்னும் குனிகிறேன். "அக்கா, நம்புக்கா." கண் இமை அசைகிறது. செத்துவிடாதே. நீ செத்தால் அவர் சொல்வதை நான் சொல்லிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும், செத்துவிடாதே.

துறை தெரிகிறது. ஆட்கள் தெரிகிறார்கள், நிறையப் பேர், ஆம்புலன்சின் மேல் விளக்கு பகல் வெளிச்சத்தில் சுற்றுகிறது. சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். படகு துறையில் அணைவதற்கு முன்பே ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வருகிறார்கள், யாரோ சாரின் காலரைப் பிடிக்கிறார்கள், யாரோ லாசர் அண்ணனை வெளியே இழுத்து முகத்தில் குத்துகிறார்கள், அவர் கை தூக்காமல் வாங்குகிறார். ஆம்புலன்ஸ்காரர் படகில் ஏறி, "எடுத்துக்கோங்க கையை, நான் பாத்துக்கறேன்" என்கிறார். எடுக்க முடியவில்லை. விரல் மடங்கிய மேனிக்கு இறுகிவிட்டது. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறார். துறைப் பாலத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ராக்கு வருகிறாள். ஈரச் சேலை, வலது கையை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள், விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கின்றன. "எங்கக்காவ என்ன செஞ்சீங்க?" சார் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்துகிறார், "அவதாம்மா விழுந்தா, உங்க வள்ளத்து விசிறியில, இந்தப் பொண்ணு பாத்துச்சு, கேளுங்க இந்தப் பொண்ண!" ஒரு நிமிஷம் எல்லா முகமும் என்மேல். கை காற்றில் தொங்குகிறது, முழங்கை வரை சிவப்பு, காய்ந்து இழுக்கிறது. "எங்க போட்டுதான்" என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன?" "எங்க போட்டுதான் ஏறுச்சு. இவங்க தண்ணிக்குள்ள இருந்தாங்க." ராக்கு இடது கையால் அறைந்தாள். காதுக்குள் விசில் அடித்தது. மறுபடி அறைந்தாள். நான் நகரவில்லை, நகர்ந்திருந்தால் நிறுத்தியிருப்பாளோ என்னவோ. மூன்றாவது அடிக்குத் தூக்கிய கை அப்படியே இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்தது. "ஏறுடி வண்டியில. ஆஸ்பத்திரில வந்து சொல்லு. எவன் கேட்டாலும் சொல்லு."

ஆம்புலன்சுக்குள் ஸ்பிரிட் வாசனை. கட்டிலின் இந்தப் பக்கம் நானும் ராக்குவும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம், வண்டி திரும்பும்போதெல்லாம் அவளுடைய உடைந்த விரல்கள் என் தோளில் இடிக்கின்றன, பல்லைக் கடித்துக்கொள்கிறாள், ஆனால் என் மணிக்கட்டை விடவில்லை. ஆம்புலன்ஸ்காரர் ஊசி ஏற்றி, பாட்டிலைத் தொங்கவிட்டு, நம்புலட்சுமியின் கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கிறார். "நாடி இருக்கு. உசுருக்குப் பயப்பட வேணாம்னுதான் நெனைக்கிறேன். காலைத்தான் சொல்ல முடியாது" என்கிறார். ராக்கு முகத்தை முழங்கையில் துடைத்தாள். அவர் அட்டையில் செருகிய படிவத்தை எடுத்து, "எப்படி அடிபட்டுச்சு? ஆஸ்பத்திரில குடுக்கணும்" என்று கேட்கிறார். "சொல்லு" என்கிறாள் ராக்கு. சொன்னேன். ரோந்துப் படகு, கொம்புத்தீவுக்கு மேற்கே, பத்து மணி வாக்கில். எழுதினார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது, பேனாவை மூடப் போகிறார். இத்தோடு விட்டுவிடலாம். இதற்கே இரண்டு அறை வாங்கியாகிவிட்டது, இதற்கே சர்டிபிகேட் போய்விட்டது, ஒரு ஆளுக்கு இது போதாதா. "நான் கட்டையைப் பாத்தேன்" என்கிறேன். யாரோ சொல்வதுபோல இருந்தது. "வள்ளத்தை முதல்ல காட்டுனது நான். அப்புறம் வெள்ளைக் கட்டை மிதக்குறதப் பாத்தேன். கீழ ஆள் இருக்கும்னு தெரியும். கத்தல. நேரம் இருந்துச்சு, கத்தல." பேனா நின்றது. ராக்கு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், இவ்வளவு நேரம் பார்க்காததுபோல, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக. மணிக்கட்டில் பிடி இறுகியது, எலும்போடு எலும்பு உரசும் அளவுக்கு இறுகியது, கத்தத் தோன்றியது, கத்தவில்லை. வண்டி இரண்டு வேகத்தடை தாண்டியது. "இதையும் எழுதுங்க தம்பி" என்றாள். அவர் சங்கடமாக, "இந்தப் பாரத்துல இதுக்கெல்லாம் எடம் இல்லக்கா" என்றார். "பின்னாடி வெறும் தாளுதான? திருப்பி எழுதுங்க." அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். தாளைத் திருப்பி, முழங்காலில் வைத்து அழுத்தி, "மெதுவாச் சொல்லும்மா, வண்டி ஆடுது" என்றார்.